நாற்காலி முதுகில் யார் பெயர்

சம்பூர்ணத்துக்கு அந்த நாற்காலியைப் பார்த்தவுடன் சிரிப்புதான் வந்தது. கோபமெல்லாம் பிறகு வந்தது. ஆனால் வந்த கோபம் லேசில் போகிற கோபமாக இல்லை.

மெட்ராஸிலிருந்து அம்பாசிடர் காரில் நாற்காலியை ஏற்றிக்கொண்டு வந்தவள் மிஸஸ் ராஜகோபால், ஒரு மாதர் சங்கத்தின் காரியதரிசி. பெரிய காஞ்சிபுரத்தில் ஏழைப் பெண்களுக்கு ஒரு பிரசவ விடுதி கட்டச் சங்கம் பணம் திரட்டிக்கொண்டிருந்தது. மூடப்போகிற ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் பங்களாவில் ஒரு டஜன் நாற்காலி கிடந்ததாம். டென்மார்க் தேசத்து மேதை ஒருவர் வடிவமைத்ததாம். அதே மாதிரி நாற்காலியை அங்கே காட்சி சாலைகளில் யாரும் தொடாதபடி சுற்றிலும் கயிறு கட்டி வைத்திருக்கிறார்களாம். அவற்றை ஆளுக்கொன்றாக ஓவியர்களிடம் கொடுத்து அலங்கரித்து ஏலம் விடுவது என்று முடிவாகியிருந்தது. பதினொன்று மெட்ராஸ் ஓவியர்களுக்குப் போய்விட, மிச்சம் இருந்த ஒன்று காரில் ஏறிக் காஞ்சிபுரம் வந்தது.

"ஒண்ணாவது லோக்கல் டச்சோட இருக்கணும்னு கமிட்டில எல்லாரும் சொன்னாங்க" என்றாள் மிஸஸ் ராஜகோபால்.

சம்பூர்ணம் நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தாள். நாலு ஒல்லிக் கால், வளைந்த இரண்டு கை, முதுகு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வளையம். வர்ணம் கிடையாது, ஒரு பூ வேலை கிடையாது. பட்டினி கிடந்து வந்த மாதிரி இருந்தது. இதைப் போய்க் கயிறு கட்டி வைக்கிற தேசத்தை நினைத்துத்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அவள் வீடு கோவில் வாகனங்களுக்கு வர்ணம் எழுதுகிற வீடு. அன்றைக்குப் பட்டறையில் வாலாஜாபாத் பக்கத்துக் கோவில் ஒன்றின் குதிரை வாகனம் நின்றிருந்தது. அதன் கழுத்து மணிகளைத்தான் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். கணவர் குப்புசாமி மரம் பார்க்கப் போயிருந்தார். மிஸஸ் ராஜகோபால் குதிரையையும் அவள் கையிலிருந்த தூரிகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதெல்லாம் நீங்களா வரையறீங்க?"

"நான்தாம்மா."

"அப்போ இதையும் நீங்களே செஞ்சுடுங்க. ஒவ்வொரு நாற்காலியோட முதுகுலயும் வரைஞ்சவங்க பேரைப் பித்தளைத் தகட்டுல வெட்டி வைக்கப் போறோம்."

கார் போனபிறகும் அந்த வார்த்தை பட்டறையிலேயே நின்றுவிட்டது. தொழில் குப்புசாமியின் பரம்பரைத் தொழில்தான். ஆனால் மர வேலை அவருக்கு, வர்ணம் அவளுக்கு என்று ஆகி வருஷக்கணக்காகிவிட்டது. கல்யாணமாகி வந்த புதிதில் வர்ணம் குழைக்க உட்கார்ந்தவள்; அவருக்குக் கோடு நேராக வராது என்பதை மாமனார் கண்டுபிடித்த நாளில் தூரிகை இவள் கைக்கு வந்தது. வேலை முடிந்து வாகனம் கோவிலுக்குப் போனால் தலையில் பரிவட்டம் கட்டிக்கொள்வது அவர். கணக்குத் தீர்த்து வாங்குவதும் அவர். அதில் அவளுக்கு வருத்தம் இருந்தது என்று சொன்னால் பொய். வாகனத்தில் யார் பெயரும் எழுதுவதில்லை. அவர் பெயரும் இல்லை, இவள் பெயரும் இல்லை. சாமி ஏறுகிற இடத்தில் மனுஷன் பெயர் எதற்கு என்று விட்டிருந்தாள்.

இது அப்படியில்லை. இது மனுஷர் உட்காருகிற நாற்காலி. இதில் ஒரு பெயர் போடப்போகிறார்கள். போடுவதென்றால் அது யாருடைய பெயராக இருக்கவேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

வேலையை ஒழுங்காகச் செய்தாள். புளியங்கொட்டைப் பசையில் சுண்ணாம்புத் தூளைக் குழைத்து மரத்துக்குப் பூசி, காயவைத்துத் தேய்த்து, மறுபடி பூசினாள். உட்காருகிற சாமானில் சாமி உருவம் கூடாது. அதனால் கிளைக்கொரு ருசி என்று சொல்கிற ஊர்க் கோவில் மாமரத்தை எழுதினாள். நாலு காலிலும் நாலு கிளை கிளம்பி மேலே ஏறி, நாலும் முதுகு வளையத்தில் ஒரே அடிமரமாகச் சேர்ந்தன. ஒவ்வொரு கிளையிலும் வேறு வேறு ஜாதி மாங்காய்.

"மரம் தலைகீழா இருக்குதே" என்றார் குப்புசாமி.

"நாற்காலிக்குக் கால் நாலு. மரத்துல கிளைதானே நாலு இருக்குது. அடிமரம் நாலு எங்கேர்ந்து வரும்?" என்றாள்.

இலைகளுக்கு நடுவே சிவப்பு முசுறு எறும்புகளைச் சாரை சாரையாக விட்டாள். மாமரத்தில் ஏறினவர்களுக்குத் தெரியும், எறும்பில்லாத மாமரம் கிடையாது. அவள் எழுதிய எறும்பைப் பார்த்து எதிர்வீட்டு அங்கம்மாள் புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அதைவிடச் சர்டிபிகேட் என்ன வேண்டும்?

வினை வேறு பக்கமிருந்து வந்தது. கட்டியவர் பெயரை மனைவி வாயால் சொல்லக்கூடாது என்பது அந்தத் தெருவில் எழுதாத சட்டம். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். சம்பூர்ணம் அதில் மகா கறார். குப்பை என்றுகூடச் சொல்லமாட்டாள், கணவர் பெயர் பாதி வந்துவிடுகிறதே. வாசலில் கூளம் கிடக்கிறது என்பாள். ரேஷன் கடையில் பெயர் கேட்டால் பின்னால் நிற்கிறவளைத் திரும்பிப் பார்ப்பாள், அவள் சொல்லிவிடுவாள். அவளுக்கு இவள் சொல்வாள். தெருப் பெண்கள் ஒருத்திக்கொருத்தி செய்துகொள்கிற ஒத்தாசை அது.

நாற்காலி முடிந்திருந்த ஒரு காலையில் சங்கத்து மேனேஜர் சிட்டிபாபு ஸ்கூட்டரில் வந்தார். வண்டியை நிறுத்தவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு வாசலில் இருந்தபடியே கேட்டார்.

"தகட்டுல போடப் பேரு வேணும்மா. வீட்டுக்காரரு பேரு இன்னா?"

வீட்டுக்காரர் பெயரைக் கேட்டுவிட்டு, அப்புறம் தன் பெயரைக் கேட்பார் என்றுதான் சம்பூர்ணம் நினைத்தாள். இன்னார் மனைவி இன்னார் என்று எழுதுவதுதானே உலக வழக்கம். எதிர்வீட்டில் இராட்டையில் நெசவு நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்த அங்கம்மாளைப் பார்த்தாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரு பேரு கேக்கறாரு. கொஞ்சம் சொல்லேன்."

"குப்புசாமிப்பா" என்று அங்கம்மாள் இராட்டையை நிறுத்தாமலே சொன்னாள்.

சிட்டிபாபு சிகரெட் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நாற்காலிய எடுக்க நாளைக்கு வண்டி வரும்" என்று சொல்லிவிட்டு விருட்டென்று கிளம்பிவிட்டார். "சார், என் பேரு" என்று சம்பூர்ணம் படியிறங்குவதற்குள் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பிவிட்டது. எதிரே வர்ணம் அப்பின கையோடு ஒரு மனுஷி நிற்கிறாள். அவள் கையைக்கூடப் பார்க்கத் தோன்றவில்லையே அந்த ஆளுக்கு!

அன்று மத்தியானம் சோறு போடும்போதே கணவரிடம் சொன்னாள். "இந்தாங்க, நீங்க போய் அந்த மேனேஜரப் பாத்து சொல்லிடுங்க. வரைஞ்சது எங்க வீட்ல அவதான்னு."

"சொல்லிக்கலாம். இப்ப இன்னா அவசரம்?" என்றார் குப்புசாமி.

மறுநாள் நாற்காலியை ஏற்றிப்போக வந்த வண்டிக்காரனிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அடுத்த வாரம் மறுபடி கேட்டாள்.

"சொன்னீங்களா?"

குப்புசாமி உளியைத் தீட்டிக்கொண்டே, "யார் பேரு இருந்தா இன்னா? ஒரே வீடுதானே" என்றார்.

"ஒரே வீடுதான். அப்ப என் பேரு இருந்தாலும் ஒரே வீடுதானே."

"உனக்குப் புரியாது. ஆம்பள பேரு இருந்தாத்தான் நாலு பேரு வேல குடுப்பான்."

சம்பூர்ணத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், சம்பாதித்ததை வீட்டில் கொண்டுவந்து வைப்பார். அதனால்தான் தெருவில் யாரிடமும் இதைச் சொல்லி அழவும் முடியாது. தங்கமான புருஷனை வைத்துக்கொண்டு இவளுக்கு என்ன குறை என்பார்கள். ஆனால் கோடு நேராக வராத மனுஷர், நேராக வந்த கோட்டுக்கெல்லாம் சொந்தக்காரர் ஆவதற்கு எப்படி மனசு வருகிறது? வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகிற விஷயம். அந்த ஒரு வார்த்தைக்கு அவரிடம் பஞ்சம்.

பட்டு வியாபாரி ஒருவரின் கல்யாண மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏலம். முன்வரிசைகளில் மெட்ராஸ் ஜனங்களும் இரண்டு மூன்று வெள்ளைக்காரர்களும். பின்வரிசைகளில் வேடிக்கை பார்க்க ஊர் ஜனம். அங்கம்மாள்கூடத் தாரைப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

சம்பூர்ணம் சீக்கிரமே போய் மேடையோரம் வரிசையாக வைத்திருந்த நாற்காலிகளைப் பார்த்தாள். ஒன்றுக்கு முழுக்கக் கறுப்படித்து நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. ஒன்றுக்குப் பழைய பேப்பர் ஒட்டியிருந்தது. ஒன்றில் சலங்கை கட்டித் தொங்கியது. நீலத்தில் அலையலையாக ஒரு நாற்காலி மட்டும் ரொம்ப நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒவ்வொன்றின் முதுகையும் எட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் வரைந்தவர் பெயர் இருந்தது. பேப்பர் ஒட்டினவருக்கும் பெயர் இருந்தது. இரண்டு தகடுகளில் பெண்கள் பெயரே இருந்தது. கடைசியில் தன் மாமரத்தின் பின்பக்கம் போனாள். பளபளவென்று தேய்த்த தகட்டில், குப்புசாமி, காஞ்சிபுரம் என்று வெட்டியிருந்தது.

மிஸஸ் ராஜகோபாலைத் தேடிப் பிடித்தாள்.

"அம்மா, என் நாற்காலில பேரு தப்பா இருக்குது."

"ஸ்பெல்லிங் தப்பா?"

"ஆளே தப்பும்மா. நீங்க என் கையிலதானே குடுத்தீங்க? நீங்களே செய்யுங்கன்னு சொன்னீங்களே."

மிஸஸ் ராஜகோபாலுக்கு ஞாபகம் வந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் அவளுக்கு ஆயிரம் வேலை. கையைத் தொட்டுச் சமாதானம் சொன்னாள். "இப்பப் போய் மாத்த முடியாதும்மா. உங்க ஹஸ்பெண்ட் பேருதானே, வேற யார் பேரோ இல்லையே. என்னையே எல்லாரும் மிஸஸ் ராஜகோபால்னுதான் கூப்பிடறாங்க. நான் கோச்சுக்கறேனா?"

"உங்க பேரு இன்னாம்மா?"

ரொம்ப நாளாக யாரும் கேட்காத கேள்வி போலிருந்தது. "காந்தா" என்றாள்.

"நீங்க ராவும் பகலும் குந்திக்கினு ஒண்ண வரைஞ்சி, அதுல ராஜகோபால்னு போட்டா சும்மா இருப்பீங்களா?"

மிஸஸ் ராஜகோபால் சிரித்தாள். "எனக்குத்தான் வரையவே வராதே" என்று சொல்லி, யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டாள். பதில் சொல்லவேண்டிய இடத்தில் சிரித்துவிட்டுப் போவதற்குப் பெரிய இடத்தில் தனியாகப் பழக்கிவிடுகிறார்கள் போலிருக்கிறது.

ஏலம் ஆரம்பித்தது. கறுப்பு நாற்காலிக்கு ஏகப்பட்ட போட்டி. சலங்கை நாற்காலியை ஒரு வெள்ளைக்காரர் எடுத்தார். ஒவ்வொன்று முடிந்ததும் அந்த ஓவியரை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். மாமரம் வந்தபோது முன்வரிசை அம்மாள் ஒருத்தி எறும்பைப் பார்த்து ஐயையோ என்று காலைத் தூக்கிக்கொண்டாள். சபை சிரித்தது. பட்டுக்கடை பரமசிவம் முதலியார் கையைத் தூக்கினார், வேறொருவர் தூக்கினார், கடைசியில் முதலியாருக்கே விழுந்தது. ரொம்ப உசந்த விலையும் இல்லை, மட்டமான விலையும் இல்லை. சம்பூர்ணம் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓவியர் குப்புசாமி அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்" என்றார் சிட்டிபாபு மைக்கில்.

குப்புசாமி அவளை ஒரு பார்வை பார்த்தார். மேடையேறி உண்மையைச் சொல்லத்தான் போகிறார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. பைத்தியக்கார நம்பிக்கை. அவர் எழுந்து, தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, ஏறினார். கும்பிட்டார். குனிந்து தோளைக் காட்டினார். மிஸஸ் ராஜகோபால் சால்வையைப் போர்த்தினாள். ஜனம் கை தட்டியது. குப்புசாமி இன்னொரு கும்பிடு போட்டார்.

அதற்குமேல் சம்பூர்ணத்தால் உட்கார முடியவில்லை. எப்போது எழுந்தாள், எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மேடையேறி மிஸஸ் ராஜகோபால் பக்கத்தில் போய் நின்றாள்.

"சொல்லுங்கம்மா. உங்களுக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க."

சபை பார்த்துக்கொண்டிருந்தது. மிஸஸ் ராஜகோபால் கஷ்டப்பட்டுப் புன்னகை செய்து மைக்கைப் பிடித்தாள். "ஒரு சின்னத் திருத்தம். இந்த அழகான நாற்காலியை அலங்கரித்தது திருமதி குப்புசாமி. கணவன், மனைவி இரண்டு பேருக்கும் நம் பாராட்டுகள்."

மறுபடி கை தட்டல். அவ்வளவுதான், தீர்ந்தது என்று மிஸஸ் ராஜகோபால் அவள் முதுகில் கைவைத்து மெதுவாகப் படிப்பக்கம் தள்ளினாள். சம்பூர்ணம் நகரவில்லை. முதலில் ஆளை மாற்றினார்கள். இப்போது ஆளைக் கொடுத்துவிட்டுப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். திருமதி என்று ஒரு வால் ஒட்டிவிட்டால் அது இவள் பெயராகிவிடுமா?

மைக்கின் முன்னால் போய் நின்றாள். இதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் எந்த வார்த்தையைச் சொல்லியாகவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லாமல் சுற்றி வளைக்க ஏதாவது வழியுண்டா என்று பார்த்தாள். இவளுக்காக எடுத்துச் சொல்ல மேடையில் எதிர்வீடு இல்லை.

"குப்புசாமின்றது அவரு பேரு" என்றாள். "குப்புசாமி இத வரையல. நான் வரைஞ்சேன். என் பேரு சம்பூர்ணம்."

முன்வரிசைகள் மரியாதையாகக் கை தட்டின. அவர்களுக்கு அது ஒரு சாதாரணத் தகவல். பின்வரிசைகளில்தான் வேறு சத்தம் எழுந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "அடிப்பாவி, புருஷன் பேர சொல்லிட்டா" என்று அங்கம்மாள் குரல் தெளிவாகக் கேட்டது. எத்தனையோ தடவை இவளுக்காக அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுத்தவள்தான்.

சம்பூர்ணம் கீழே இறங்கியபோது இரண்டு பேர் விலகி வழிவிட்டார்கள். "மைக்குல சொன்னாளே, ரெண்டு தடவ" என்று ஒருத்தி. "அந்த மனுஷனுக்கு ஏதானா ஆச்சின்னா?" என்று இன்னொருத்தி. நாற்காலியைப் பற்றி, மாங்காயைப் பற்றி, எறும்பைப் பற்றி ஒரு நாக்கும் அசையவில்லை. அங்கம்மாளைப் பார்த்து, "நாற்காலி நல்லா இருந்துதாக்கா?" என்று வேண்டுமென்றே கேட்டாள்.

"இந்த நேரத்துல நாற்காலி ஒரு கேடா உனக்கு?" என்றாள் அங்கம்மாள்.

புருஷனும் பெண்சாதியும் பஸ் நிலையம் தாண்டி வீட்டுக்கு நடந்தார்கள். குப்புசாமி பொன்னாடையைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். பூக்கடைப் பக்கம் வந்ததும்தான் வாய் திறந்தார். குரலில் கோபம் இல்லை, அடிபட்ட மாதிரி இருந்தது.

"ஊர் முன்னால என் பேர சொல்லிட்டியே."

"சொன்னேன்."

"இத்தினி வருஷத்துல ஒரு நாள் உன் வாயில வந்ததில்ல."

சம்பூர்ணம் நின்றுவிட்டாள். நடு வழியில் நின்றதால் பின்னால் வந்த ரிக்ஷாக்காரர் மணியடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனார்.

"உங்க பேர சொல்லக்கூடாதுன்னு எனக்கு வெச்சாங்க. நான் சொல்லல. குப்பைன்னுகூட சொன்னதில்ல. என் பேர சொல்லக்கூடாதுன்னு உங்களுக்கு யாருங்க வெச்சாங்க?"

குப்புசாமி நின்று யோசித்தார். இந்தாமே என்று கூப்பிட்டிருக்கிறார். ஏ புள்ளே என்று கூப்பிட்டிருக்கிறார். அப்பா அம்மா இருந்த காலத்தில் உள்ளே பார்த்து வெறுமனே செருமியிருக்கிறார். வேறு எப்படியும் கூப்பிட்டதாக அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அவள் காத்திருந்தாள். அவர் உதடு ஒரு தரம் பிரிந்து மூடிக்கொண்டது. பிறகு அவள் முன்னால் நடந்தாள், அவர் பொன்னாடையைக் கையில் மாற்றிக்கொண்டு பின்னால் வந்தார்.